கணக்கு கணினிக்கு, பொறுப்பு ஊழியருக்கு: வங்கிக் கிளையில் நடந்த மாற்றம்

2010 மார்ச் வரை நம் வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட்ட விதம் இப்போது கேட்டால் அநியாயமாகத் தோன்றும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான் வட்டி. மாதம் பிறந்ததிலிருந்து 50,000 ரூபாய் கணக்கில் கிடக்கிறது, 25-ஆம் தேதி பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக 45,000 எடுக்கிறீர்கள் என்றால், அந்த மாதம் முழுவதற்கும் மிச்சமுள்ள 5,000-க்குத்தான் வட்டி கிடைக்கும். அன்றைய வட்டி விகிதம் 3.5 சதவீதம். கணக்குப் போட்டால் 14 ரூபாய் 58 காசு. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியை மாற்றியது. அதே பணத்துக்கு, அதே 30 நாள் மாதத்துக்கு, புது முறையில் ஏறக்குறைய 118 ரூபாய் வருகிறது.

வங்கிகள் கஞ்சத்தனத்தால் மட்டும் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று சொல்ல முடியாது. ஒரு கிளையில் ஐயாயிரம் சேமிப்புக் கணக்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாளின் இருப்பையும் எடுத்து, பெருக்கி, கூட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி எழுதுவது கையால் ஆகிற காரியமில்லை. மாதத்துக்கு ஒரு தொகை என்றால் கிளார்க் ஒருவர் லெட்ஜர் என்ற கணக்குப் பேரேட்டின் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தே எடுத்துவிடுவார். கிளைகள் கணினிமயமான பிறகுதான் நியாயமான வட்டி சாத்தியமானது. வாடிக்கையாளருக்கு இதில் லாபமே.

இன்று கவுன்ட்டரில் போய், "இந்தக் காலாண்டு வட்டி எப்படி இவ்வளவு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சிஸ்டம் போட்டது சார்." அந்த ஊழியர் சோம்பேறியும் இல்லை, விவரமில்லாதவரும் இல்லை. கடுமையான போட்டித் தேர்வு எழுதி வந்தவர். வட்டி எப்படி வந்தது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் தப்பு நடந்தால் முதலில் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும்.

நிறுவனங்கள் டிஜிட்டல் மாற்றம் பற்றிப் பேசும்போது, ஊழியர்கள் புதுத் திறன்களைக் கற்க வேண்டும் என்று சொல்லும். கேட்பவர்களும் புது மென்பொருளைப் பழகுவது என்றே புரிந்துகொள்வார்கள். இந்திய வங்கிகளின் நாற்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால், மென்பொருளைப் பழகுவதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. வேலையைப் பற்றிய அறிவு ஊழியரின் கையிலிருந்து வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறது, பொறுப்பு மட்டும் அவரிடமே தங்கிவிடுகிறது. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

லெட்ஜர் காலத்தில் ஒரு கிளார்க்குக்கு என்ன தெரியும்?

காசோலை கவுன்ட்டருக்கு வந்ததும் கிளார்க் அதை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். தடித்த லெட்ஜரைப் பிரித்து வாடிக்கையாளரின் பக்கத்தை எடுப்பார். இருப்பு போதுமா, பணம் தர வேண்டாம் என்று ஏதும் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொகையைப் பற்று எழுதிப் புது இருப்பைப் போடுவார். லெட்ஜரும் காசோலையும், பணம் தர ஒப்புதல் கொடுக்கும் பாஸிங் ஆபீசர் மேசைக்குப் போகும். அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கேஷியர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். ஒரு காசோலைக்கு மூன்று பேர், அரை மணி நேரம்.

இவையெல்லாம் வெளியே தெரிகிற வேலை. உள்ளே இன்னொரு வேலை உண்டு, அதற்குப் பெயர் பேலன்சிங். ஒரு லெட்ஜரில் உள்ள அத்தனை கணக்குகளின் இருப்பையும் கூட்டினால், கிளையின் மொத்தக் கணக்கைக் காட்டும் ஜெனரல் லெட்ஜரில் அந்தத் தலைப்பில் உள்ள தொகையோடு பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், ஆயிரக்கணக்கான பதிவுகளில் எங்கே தப்பு என்று தேட வேண்டும்.

கைதேர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேட மாட்டார்கள். முதலில் வித்தியாசத் தொகையை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். 1,710 என்பதை 1,170 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 540. அடுத்த இரண்டு இலக்கங்கள் எங்கே இடம் மாறினாலும் வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். அடுத்து 2-ஆல் வகுப்பார்கள். 540-இல் பாதி 270. இந்தத் தொகையில் ஏதாவது வவுச்சர் (பரிவர்த்தனைச் சீட்டு) இருக்கிறதா, அது வரவுக்குப் பதில் பற்றில் ஏறிவிட்டதா என்று பார்ப்பார்கள். பக்கம் மாறி எழுதினால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

இந்த அறிவை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. சாயங்காலம் பேலன்ஸ் ஆகாமல் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைக்காரரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். அதோடு சேர்ந்து வேறொன்றும் வரும். லெட்ஜர் பக்கங்களை நாள் முழுக்கப் புரட்டுகிறவருக்கு, எந்த வியாபாரியின் வரவு குறைந்துகொண்டே வருகிறது, எந்தப் பென்ஷன்காரர் இரண்டு மாதமாக வரவில்லை என்பதெல்லாம் தானாகவே பிடிபடும். வாடிக்கையாளரை அறிவது என்று இன்று சுற்றறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது அன்று வேலையோடு வேலையாக நடந்தது.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாட்டில் வணிக வங்கிகளுக்கு இருந்தவை 8,262 கிளைகள். 1991-இல் 60,000-ஐத் தாண்டிவிட்டன. கணக்குகள் பெருகிய வேகத்துக்குக் கைகள் ஈடுகொடுக்கவில்லை. பேலன்சிங் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. ஒரு கிளை இன்னொரு கிளையின் மேல் எழுதிய டி.டி.-க்கள் (டிமாண்ட் டிராஃப்டுகள்) இரு பக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் வேலையும் தேங்கியது. அந்தத் தேக்கத்தில் மோசடிகள் சுகமாக ஒளிந்துகொண்டன. 1992 பங்குச்சந்தை ஊழல் பெரிதாக வளர்ந்ததற்கு அரசுப் பத்திரங்களின் கணக்கைக் கையால் எழுதிவந்ததும் ஒரு காரணம். மாற்றம் வந்தே ஆக வேண்டியிருந்தது.

எத்தனை இயந்திரம், எவ்வளவு அலவன்ஸ்

கணினி வேண்டாம் என்று வங்கித் தொழிற்சங்கங்கள் கண்மூடித்தனமாக எதிர்த்தன என்று ஒரு கதை உலவுகிறது. எதிர்ப்பு இருந்தது உண்மை. வேலை போய்விடும் என்ற பயம் நிஜமானது, அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் 1983-லேயே வங்கி நிர்வாகங்களின் கூட்டமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஒப்பந்தம் போட்டுவிட்டன. அடுத்த ஆண்டு, அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. கிளைகளுக்குக் கணக்கைப் பதியும் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் வந்தன. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் காந்த மை எழுத்துகளைப் படித்துக் காசோலைகளைப் பிரிக்கும் முறை 1980-களின் பிற்பாதியில் தொடங்கியது. 1987-லும் 1993-லும் மேலும் ஒப்பந்தங்கள் வந்தன.

எந்த அளவுள்ள கிளைக்கு இயந்திரம் போகலாம், மொத்தம் எத்தனை, அதை இயக்குபவருக்கு எவ்வளவு சிறப்பு அலவன்ஸ், ஆட்குறைப்பு இருக்காது என்ற உறுதி ஆகியவை பற்றித்தான் பேச்சுவார்த்தை நடந்தது. சங்கங்கள் கெட்டியாகப் பேசி நிறையப் பெற்றும் கொடுத்தார்கள். அதனால்தான் இந்திய வங்கிகளில் கணினி வந்ததும் ஊழியர்களை ஒரே நாளில் வெளியே தள்ளவில்லை. ஆனால் இயந்திரம் எடுத்துக்கொண்ட வேலைக்குள் இருந்த அறிவை இனி யார் வைத்திருப்பார், லெட்ஜர் எழுதியவர் அடுத்து எதில் கெட்டிக்காரர் ஆக வேண்டும் என்ற கேள்வி மேசையின் எந்தப் பக்கத்திலிருந்தும் அழுத்தமாக எழவில்லை என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அப்படிக் கேட்கத் தோன்றாததில் வியப்பில்லை. இன்றும் கேட்காமல் இருப்பதுதான் வருத்தம்.

1998-இல் இன்னொரு திசையிலிருந்து உத்தரவு வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். மோசடி ஒளிந்துகொள்ள இடம் தரக் கூடாது என்பது அவர் வாதம். கெடு நெருங்கிய நேரத்தில்தான், 2000-01-இல், பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைத் திறந்தன. 15 ஆண்டு பணி முடித்தவர்கள் அல்லது 40 வயதானவர்கள் விண்ணப்பிக்கலாம். சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள், ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர்.

இது நடந்த நேரத்தைக் கவனியுங்கள். கைக் கணக்கையெல்லாம் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. பழைய லெட்ஜரில் ஒரு பதிவு ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களில் பெரும்பகுதியினர் அப்போது வாசலைத் தாண்டிப் போனார்கள். புது ஆள் எடுப்பதும் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்தது.

கிளையின் கணக்கு கிளையில் இல்லை

அடுத்து வந்த கோர் பேங்கிங்தான் உண்மையான புரட்டல். அதற்கு முன் கிளைக்குள் கணினி இருந்தாலும் கணக்கு கிளைக்குள்ளேதான் இருந்தது. சாயங்காலம் கிளையே 'டே எண்ட்' போட்டு அன்றைய கணக்கை முடிக்கும். கோர் பேங்கிங்கில் எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரே தரவு மையத்துக்குப் போனது. 2000-களின் இறுதிக்குள் ஸ்டேட் வங்கியின் கிளைகள் டி.சி.எஸ். நிறுவனத்தின் பான்ஸ் மென்பொருளுக்கு மாறின. வேறு பல வங்கிகள் இன்ஃபோசிஸின் ஃபினாக்கிளை எடுத்தன. சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பல ஆண்டுகள் சொந்தமாக உருவாக்கிய மென்பொருளில் ஓடிவிட்டு, பிறகுதான் ஃபினாக்கிளுக்குப் போனது.

வாடிக்கையாளர் கிளையின் வாடிக்கையாளராக இல்லாமல் வங்கியின் வாடிக்கையாளர் ஆனார். திருநெல்வேலியில் கணக்கு வைத்திருப்பவர் தில்லியில் பணம் எடுக்கலாம். 2005-இல் வங்கிக்கு வங்கி மின்னணு முறையில் பணம் அனுப்பும் நெஃப்ட் வந்தது, டி.டி. எடுக்க வரிசையில் நிற்பது மெல்ல ஒழிந்தது. கிளைகளுக்கு நடுவே கணக்குச் சரிபார்க்கும் பழைய தலைவலி பெருமளவு தீர்ந்தது.

ஊழியர் பக்கம் வருவோம். டோக்கன் கொடுத்து லெட்ஜர் எழுதுபவர், பணம் தருபவர் என்று இருவர் செய்ததை ஒரே கவுன்ட்டரில் ஒருவர் செய்கிறார். கூட்டல் கழித்தல் போய்விட்டது, பேலன்சிங் போய்விட்டது. அதோடு பக்கத்து மேசைக்காரரிடம் கற்றுக்கொள்ளும் சாயங்காலமும் போய்விட்டது. விதிகள் மென்பொருளுக்குள் இருக்கின்றன. அவற்றை அங்கே எழுதுவது தலைமை அலுவலகத்தின் தகவல்தொழில்நுட்பத் துறையும் மென்பொருள் நிறுவனமும். ஒரு சுற்றறிக்கை வந்தால் அதைப் படித்துப் பொருள் கண்டு நடைமுறைப்படுத்துவது முன்பு கிளை மேலாளரின் வேலை. இப்போது பல விஷயங்களில் சுற்றறிக்கை கைக்கு வரும் முன்பே சிஸ்டம் மாறிவிட்டிருக்கும்.

அதனால் புதிதாக ஒரு திறமை தேவைப்படுகிறது. சிஸ்டம் ஒரு பரிவர்த்தனையை ஏற்க மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று கண்டுபிடிப்பது. வாடிக்கையாளரின் அடையாள ஆவணம் புதுப்பிக்காமல் கிடக்கிறதா, கணக்கு செயலற்றது என்று குறியாகிவிட்டதா, இருப்பில் ஒரு பகுதியை வேறு யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா, ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லெட்ஜர் கிளார்க் 9-ஆல் வகுத்துத் தேடினார் என்றால், இன்றைய கிளார்க் ஒரு பிழைச் செய்தியிலிருந்து பின்னோக்கிப் போகிறார். இரண்டும் ஒரே அளவு மூளை கேட்கிற வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. அவரிடம் லெட்ஜர் முழுசாகத் திறந்து கிடந்தது. இவருக்குத் திரையில் எவ்வளவு காட்ட வேண்டும் என்று வேறொருவர் முடிவுசெய்து வைத்திருக்கிறார். அந்த எல்லைக்கு அப்பால் போக வேண்டுமானால் உதவி மையத்துக்குப் புகார் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கு அதெல்லாம் தெரியாது. திட்டு கவுன்ட்டருக்குத்தான்.

இரண்டாவது கை

வங்கியில் எந்தப் பரிவர்த்தனைக்கும் இரண்டு கைகள் வேண்டும். ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இது லெட்ஜர் காலத்து விதி, கணினியிலும் தொடர்கிறது. ஆனால் அந்த இரண்டாவது கையின் வேலை உள்ளுக்குள் மாறிவிட்டது. முன்பு பாஸிங் ஆபீசர் முன் லெட்ஜர், காசோலை, கையெழுத்து அட்டை மூன்றும் இருக்கும். கண் தானாகவே மூன்றையும் ஒப்பிடும். இப்போது அவர் திரையில் வரிசையாக ஒப்புதல் கோரிக்கைகள் வந்து நிற்கின்றன. கவுன்ட்டரில் கூட்டம் நெருக்கும்போது, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும் நேரம் அவருக்கு இல்லை. ஆள் பற்றாக்குறையுள்ள கிளைகளில் இன்னும் மோசம். ஒப்புதல் தர வேண்டியவரின் பாஸ்வேர்டை இன்னொருவர் போட்டுவிடும் பழக்கம் இருந்தது. தணிக்கை அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பக் குறித்தன.

இதன் விலை என்னவென்று 2018 பிப்ரவரியில் தெரிந்தது. மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, வெளிநாட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் கடிதங்கள் ஸ்விஃப்ட் என்ற சர்வதேசச் செய்தி வலையமைப்பு வழியே பல ஆண்டுகளாகப் போயிருந்தன. வங்கி முதலில் அறிவித்த தொகையே 11,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த வங்கியில் ஸ்விஃப்ட்டும் கோர் பேங்கிங்கும் இணைக்கப்படவில்லை. ஒன்றில் அனுப்பியதை இன்னொன்றில் பதியாமல் விட்டுவிட்டால், மையத் தரவுக்கு அப்படி ஒரு கடனே இருப்பது தெரியாது. இரண்டையும் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதன் பிறகு கெடு வைத்தது.

இந்த மோசடியைப் பெரும்பாலும் தொழில்நுட்ப ஓட்டையாகத்தான் பேசினோம். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது வேறு. ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற பழைய ஒழுக்கம், "கணக்கில் வராமல் ஏதாவது இருக்கிறதா?" என்ற சந்தேகத்தைத் தினமும் கேட்க வைத்தது. மையக் கணினி எப்போதும் ஒத்துப்போன கணக்கையே காட்டும். அதில் பதிந்ததெல்லாம் ஒத்துத்தான் போகும். பதியாததைப் பற்றி அது வாய் திறக்காது. திரை சுத்தமாக இருந்தால் கணக்கும் சுத்தம் என்று நம்பும் பழக்கம் ஊழியருக்கும் தணிக்கையாளருக்கும் சேர்ந்தே வந்துவிட்டது. சந்தேகப்படுவதை ஒரு திறமையாகக் கருதி யாராவது பயிற்சி கொடுத்திருந்தால், இது இத்தனை காலம் ஓடியிருக்குமா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

மேலாளரின் ஊர் அறிவு

கடன் விஷயத்தில் மாற்றம் இன்னும் ஆழம். முன்பு கிளை மேலாளர் கடைத்தெருவில் நடந்து போய், சரக்கைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துக் கடன் கொடுத்தார். இப்போது வீட்டுக் கடன், வாகனக் கடன் போன்றவற்றைப் பல வங்கிகள் மையப்படுத்திய செயலாக்க அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்விட்டன. கிளை விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும். முடிவுக்கு, பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் மதிப்பெண், வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் அடிப்படை. 2018 நவம்பரில் சிறு தொழில்களுக்கு 59 நிமிடத்தில் கொள்கையளவு ஒப்புதல் தரும் இணையதளமே வந்துவிட்டது.

பழைய முறையில் மேலாளரின் ஊர் அறிவோடு ஊர்ப் பாரபட்சமும் சேர்ந்தே வந்தது. சாதி, சிபாரிசு, ஜாமீன் போட ஆள் இல்லாத பெண்ணின் விண்ணப்பம் மேசையிலேயே கிடப்பது எல்லாம் நடந்தன. எழுத்தில் உள்ள அளவுகோல் அதில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் பூக்கடை வைத்திருப்பவருக்கும் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் தாளில் வரலாறு கிடையாது. அவர்களைப் பற்றித் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அந்தக் கிளை மேலாளர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்கு இடமாற்றம் வரும், இப்போது முடிவும் அவர் கையில் முழுசாக இல்லை. ஊரைத் தெரிந்துகொள்ள அவருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்? ஆனால் கடன் வராக்கடன் ஆனால் வசூலுக்குப் படியேற வேண்டியவர் அவரே.

மிச்சமான நேரம் எங்கே போனது என்று கேட்டால், பெரும்பாலான ஊழியர்கள் சொல்லும் பதில் விற்பனை. இன்சூரன்ஸ் பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு, செயலியைப் பதிவிறக்க வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் டார்கெட் உண்டு. லெட்ஜர் எழுதும் வேலை போனால் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் உயர்ந்த வேலை வரும் என்பதுதான் டிஜிட்டல் மாற்றத்தின் வாக்குறுதி. வைப்புத்தொகை போட வந்தவரிடம் பாலிசியை நீட்டுவது ஆலோசனை ஆகாது.

வேலை எங்கே போயிற்று

வேலை காணாமல் போகவில்லை, கை மாறியது. கொஞ்சம் நம் கைக்கே வந்தது. பாஸ்புக் பதிவது, பணம் அனுப்புவது, முகவரி மாற்றுவது எல்லாம் இப்போது நாம்தான் செய்கிறோம். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. கவுன்ட்டர் வைத்து இதைச் செய்ய நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இன்னொரு பகுதி கிராமங்களில் வங்கி முகவர்களிடம் போனது. 2006-இல் ரிசர்வ் வங்கி இதற்கு வழி திறந்தது. 2014-இல் ஜன் தன் கணக்குகள் வந்த பிறகு அது பெருகியது. கைரேகை இயந்திரத்தோடு உட்கார்ந்து நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் முதியோர் உதவித்தொகையையும் கொடுக்கும் அந்தப் பெண்ணோ இளைஞரோ வங்கியின் சம்பளப் பட்டியலில் இல்லை. பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கமிஷன். ரேகை பதியாவிட்டால், நெட்வொர்க் போய்விட்டால், அன்றைய வருமானம் போச்சு. கிளை கிளார்க் பெற்ற ஒப்பந்தப் பாதுகாப்பு எதுவும் இவர்களை எட்டவில்லை. டிஜிட்டல் மாற்றத்தால் வேலை குறைந்ததா கூடியதா என்று எண்ணுகிறவர்கள் இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

வங்கிக்குள்ளேயும் உருவம் மாறிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் வங்கி ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிளார்க்குகள். இப்போது கால்வாசியை ஒட்டித்தான் இருக்கிறார்கள், அதிகாரிகளே பெரும்பான்மை. அதிகாரி என்றால் வேலை நேரத்துக்கு வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு நல்ல காலம் வந்து போனது, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்கிகள் மறுபடி பெரிய அளவில் ஆள் எடுத்தன. 2011-இல் பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுவான எழுத்துத் தேர்வே வந்தது. கிளைகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இருபத்தைந்து வயதுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்தார்கள், நடு வயதில் ஆளே இல்லை. இளையவருக்குத் திரை தெரியும், எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று மூன்று மாதத்தில் பிடித்துவிடுவார். மூத்தவருக்கு ஏன் என்று தெரியும், இந்த நாமினி விதி எதற்கு வந்தது, இந்தப் பதிவில் எது உறுத்துகிறது என்று. "தம்பி, இந்த ஸ்கிரீன் எங்கே வரும்?" என்று ஒருவர் கேட்க, "சார், இதற்கு ஏன் தனி வவுச்சர்?" என்று இன்னொருவர் கேட்க, இரண்டு பேருமே வளர்ந்தார்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் செய்ய முடியாத காரியம் அது. மூத்தவர்கள் ஓய்வுபெற்றபோது அந்தப் பாடம் அப்படியே நின்றுபோனது. அவர்கள் அறிந்ததைக் குறித்து வைக்கச் சொல்லியோ, வேலை நேரத்தில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கியோ நிர்வாகங்கள் முயன்றிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கட்டாய இணையவழிப் பாடங்கள் வந்தன. வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு செல்பேசியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் உள்ள பத்துக் கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகப் பதில் போடுவதைப் பயிற்சி என்று கணக்கில் சேர்க்கிறார்கள்.

இப்போது வங்கிகள் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை இயந்திரமே பிடித்துவிடும் என்கிறார்கள், ஓரளவு பிடிக்கவும் செய்கிறது. அதே நேரத்தில் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களிடம் முதியவர்கள் சிக்குகிறார்கள். காவல்துறை, சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் பேசுகிறார்கள், வைப்புத்தொகையை உடைத்து அனுப்பச் சொல்கிறார்கள். இந்தப் பரிவர்த்தனையில் கணினிக்கு உறுத்த ஒன்றுமே இல்லாமல் போகலாம். கணக்கு அவருடையது, கையெழுத்து அவருடையது, நேரில் வந்து கேட்கிறார். நாட்டில் பல இடங்களில் இதைக் கடைசி நிமிடத்தில் தடுத்தவர்கள் கவுன்ட்டர் ஊழியர்கள். முகத்தில் பதற்றத்தைப் பார்த்து, அவசரமாக இவ்வளவு பெரிய தொகை எதற்கு என்று கேட்டு, உட்கார வைத்துப் பேசி, பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லி, இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குத் தகவல் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். கிளையில் ஒரே கவுன்ட்டர்தான் ஓடுகிறது என்றால், அந்த அரை மணி நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? இத்தனை பேர் இருந்தால் போதும் என்று ஆள் கணக்குப் போடுகிறவர்கள் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் போடுகிறார்கள். தடுத்து நிறுத்திய பரிவர்த்தனை அந்த எண்ணிக்கையில் வருவதே இல்லை.